கடலோரக் கடையில் ஒரு கண்மணி

துருக்கி நாட்டின் தென்மேற்குக் கோடியில், ஈஜியன் கடலோரத்தில், போட்ரம் என்றோர் ஊர் இருக்கிறது. வரலாற்றின் தந்தை எனப்படும் ஹெரடோட்டஸ் பிறந்த ஹாலிகார்னசஸ் இதுவே. இரு சிறு வளைகுடாக்களுக்கு நடுவே, கடலுக்குள் நீண்டிருக்கும் பாறையின்மீது ஒரு கோட்டை நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் சிலுவைப் போர் வீரர்களில் ஒரு பிரிவினர் கட்டத் தொடங்கியது அது. அதன் அருகே உள்ள கடைத்தெருவில் நீங்கள் நுழைவதாக வைத்துக்கொள்வோம்.

செப்புக் குடங்கள், கம்பளங்கள், பூவேலை செய்த பீங்கான் தட்டுகள், தோல் செருப்புகள். கடைக்காரர் இடுப்பு சிறுத்த கண்ணாடிக் குவளையில் பால் சேராத தேநீர் தருவார். தேநீரைக் குடித்துவிட்டோமே, எதையாவது வாங்கித்தான் ஆகவேண்டுமோ என்று கூச்சப்பட வேண்டாம். அது அந்நாட்டு உபசாரம். ஆனால் கம்பளத்தின் விலையைக் கேட்டதும் என்னைப் போன்றவர்கள் பின்வாங்கத்தான் நேரும். அப்போது கண்ணில் படுவது, வாசலில் சரஞ்சரமாகத் தொங்கும் நீல மணிகள். கருநீல வட்டம், அதனுள் வெள்ளை, அதனுள் இளநீலம், நடுவில் ஒரு கரும்புள்ளி. விழித்த கண் போலவே இருக்கும். கடையில் இதைவிட மலிவான பொருள் அநேகமாக இராது.

துருக்கி மொழியில் இதனை 'நஸர் போன்ஜு' என்கிறார்கள். நஸர் என்றால் பார்வை. போன்ஜுக் என்றால் மணி. கண்ணேறு படாமல் காக்கும் மணி என்பது பொருள். தமிழில் 'கண்மணி' என்று சொன்னால் அப்படியே பொருந்திவிடுகிறது. இந்தக் கண்மணியின் வரலாற்றை அறிய நீங்கள் நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. எதிரே நிற்கும் கோட்டைக்குள் போனால் போதும். அங்கேதான் கடலடித் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது.

1982ஆம் ஆண்டில் மெஹ்மத் சாக்கிர் என்ற துருக்கியர் கடற்பஞ்சு எடுப்பதற்காகக் கடலில் மூழ்கினார். உலுபுருன் என்ற முனையின் அருகே, காது முளைத்த பிஸ்கோத்து போன்ற உலோகத் துண்டுகள் அடியில் கிடப்பதைக் கண்டு வந்து சொன்னார். அவை செப்புக் கட்டிகள். கி.மு. 14ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டி மூழ்கிய ஒரு வணிகக் கப்பலின் சரக்கு! 1984 முதல் 1994 வரை, ஜார்ஜ் பாஸ், ஜெமால் புலாக் ஆகியோரின் தலைமையில் அகழ்வு நடந்தது. கப்பல் கிடந்த ஆழம் 44 மீட்டருக்கும் அதிகம். அந்த ஆழத்தில் ஒருவர் ஒரு முறை மூழ்கிச் சில நிமிடங்களே வேலை செய்ய முடியும். ஆகவே 22,000க்கும் மேற்பட்ட முறை மூழ்க வேண்டியிருந்தது. மேலே வந்தவை சுமார் 10 டன் செம்பு, சுமார் 1 டன் வெள்ளீயம், மற்றும் பல. அவற்றுள் நமக்கு வேண்டியது, சுமார் 175 கண்ணாடிக் கட்டிகள். ஏறக்குறைய 15 சென்டிமீட்டர் விட்டமுள்ள தடித்த வட்டங்கள். பெரும்பாலானவை ஆழ்ந்த நீல நிறம். எங்கோ ஓரிடத்தில் உருக்கி வார்க்கப்பட்டு, வேறோர் ஊரில் மணிகளாகவும் குப்பிகளாகவும் மாறுவதற்காகக் கப்பலேறியவை அவை.

எங்கே வார்க்கப்பட்டவை? இங்கேதான் ஒரு சுவையான சிக்கல். எகிப்தில் அமர்னா என்னுமிடத்தில் கிடைத்த களிமண் ஏடுகளில், பாலஸ்தீனக் கடற்கரைச் சிற்றரசர்கள் எகிப்திய மன்னனுக்குக் கண்ணாடி அனுப்பிய செய்தி இருக்கிறது. ஆகவே எகிப்து கண்ணாடியை வெளியிலிருந்து வாங்கிய நாடு என்று எண்ணத் தோன்றும். ஆனால் உலுபுருன் கட்டிகளை வேதியியல் முறையில் பகுத்தபோது, அவை எகிப்தியக் கண்ணாடியோடு ஒத்தன. அதுமட்டுமல்ல, அமர்னாவில் கிடைத்த உருளை வடிவ மண்பாண்டங்கள் இக்கட்டிகளுக்கு அளவெடுத்த அச்சுகள் போலப் பொருந்துகின்றன. ஏடுகள் பாதிக் கதையைச் சொல்ல, மீதியைக் கண்ணாடியே சொல்லிவிட்டது.

அந்த நீலத்திற்குக் காரணம் கோபால்ட். ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே போதும், கண்ணாடி முழுவதும் கருநீலமாகிவிடும். கோபால்ட் அயனிகள் ஏறத்தாழ 5300 முதல் 6600 ஆங்ஸ்ட்ராம் வரையுள்ள பச்சை, மஞ்சள், சிவப்பு ஒளியை விழுங்கிவிட்டு நீலத்தை மட்டும் தாராளமாக விடுகின்றன. எகிப்தியர் இதனைப் பாலைவனத்துப் படிகாரப் படிவுகளிலிருந்து எடுத்தனர். கோபால்ட் என்று ஒரு தனிமம் உண்டென்பது அவர்களுக்குத் தெரியாது. அதை 1730களில் சுவீடன் நாட்டு ஜார்ஜ் பிராண்ட் என்பவர்தான் கண்டறிந்தார். அதுவரை நீல நிறத்தை பிஸ்மத்தின் கணக்கில் எழுதிவந்தார்கள்! பெயரும் வேடிக்கையானது. வெள்ளி கிடைக்குமென்று நம்பி உருக்கிய கனிமம் வெள்ளியைத் தராமல் நச்சுப்புகையைக் கக்கியதால், ஜெர்மானியச் சுரங்கத் தொழிலாளர்கள் அதைக் 'கோபால்ட்' என்ற குட்டிப் பேயின் வேலை என்றார்கள். கண்ணேற்றை விரட்டும் மணிக்கு நிறம் தருவது பேயின் பெயர் கொண்ட உலோகம்!

அருங்காட்சியகத்தின் இன்னொரு கூடத்தையும் பார்த்துவிடுங்கள். கி.பி. 1025ஐ ஒட்டி செர்ச்சே லிமானி என்னும் துறையில் மூழ்கிய கப்பல் அங்கே இருக்கிறது. 1977 முதல் 1979 வரை அகழ்ந்தார்கள். அதில் மூன்று டன் கண்ணாடி. அதில் ஒரு டன் உடைந்த பாத்திரங்கள். மீண்டும் உருக்குவதற்காகவே ஏற்றப்பட்டது. இன்றைய மணி உலைகளிலும் பழைய பாட்டில் துண்டுகள் உருகுகின்றன. காரணம் எளிது. மணலை மட்டும் உருக்க 1700 டிகிரி சென்டிகிரேடு வேண்டும். சோடா சேர்த்து ஒரு முறை கண்ணாடியாக்கிவிட்டால், பின்பு 1000 டிகிரியையொட்டிய வெப்பமே போதுமானது. அதை விறகு உலையே தந்துவிடும்.

அந்த உலைகள் போட்ரத்தில் இல்லை. வடக்கே இஸ்மீர் நகரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் இருக்கின்றன. ஒரு காலத்தில் நகரின் நடுவே இருந்தவைதாம். புகைக்கும் தீக்கும் அஞ்சி வெளியேற்றினார்கள். இன்று சில குடும்பங்களே இத்தொழிலில் நிலைத்திருக்கின்றன. பைன் விறகெரியும் மண் உலையின் முன் அமர்ந்து, இரும்புக் கம்பியின் முனையில் உருகிய நீலக் கண்ணாடியைச் சுற்றி எடுக்கிறார் கைவினைஞர். மற்றொரு கம்பியால் வெள்ளைப் பொட்டு, அதன்மேல் இளநீலப் பொட்டு, அதன்மேல் கருமணி. எல்லாம் நொடிக் கணக்கில் முடிய வேண்டும். தாமதித்தால் கண்ணாடி இறுகிவிடும்.

மணி உடைந்தால், கண்ணேற்றைத் தான் ஏற்றுக்கொண்டு உடைந்ததாக அங்கே நம்புகிறார்கள். இயற்பியல் ஆசிரியனாகிய நான் இதை ஒப்புக்கொள்ள இயலாது. ஆனால் மணி தானாகவே விரிசல் விடுவதுண்டு என்பது உண்மை. சூடான மணியின் மேற்பரப்பு முதலில் ஆறி இறுகுகிறது. உட்பகுதி பிறகு சுருங்க முயல்கிறது. இறுகிய மேற்பரப்பு விடுவதில்லை. இந்த இழுபறி தகைவாக உள்ளேயே தங்கி, ஒரு சிறு கீறலுக்காகக் காத்திருக்கும். வேகமாக ஆறிய தெளிந்த கண்ணாடித் துண்டை இரு போலராய்டு தகடுகளுக்கு இடையே வைத்தால், இத்தகைவு வண்ணப் பட்டைகளாகத் தெரியும். சளசளக்கும் வகுப்பும் அதைக் காட்டும்போது அமைதியாகிவிடும். போதாததற்கு, மணியின் நீலமும் வெள்ளையும் வெவ்வேறு அளவில் சுருங்கினால் ஒட்டிய இடத்திலேயே பிளவு தோன்றும். ஆகவேதான் முடிந்த மணியை வெளியே வைக்காமல், உலையை ஒட்டிய அறையில் போட்டு மெல்ல ஆறவிடுகிறார்கள். விரிவுக் குணகம் என்ற சொல்லைக் கேட்டிராத முன்னோர்கள் கண்ட வழி இது. தாயத்தின் மகிமையைவிட எனக்கு வியப்பூட்டுவது இதுதான்.

இனிக் கடைக்குத் திரும்புவோம். வாசலில் தொங்குபவற்றில் பிளாஸ்டிக்கும் உண்டு, அச்சில் அழுத்திய கண்ணாடியும் உண்டு. மணியைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். கண்ணாடி பிளாஸ்டிக்கைவிடப் பலமடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால் சில்லென்றிருக்கும். கையில் கனமாகவும் இருக்கும், அடர்த்தி இரு மடங்குக்கு மேல் அல்லவா? விளிம்பைச் சுற்றி மெல்லிய கோடு ஓடினால் அது அச்சிலிருந்து வந்தது. பிறகு இரண்டு மணிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். கண்கள் இரண்டும் இம்மியும் பிசகாமல் ஒன்றுபோல விழித்தால், வேறு சரம் காட்டச் சொல்லுங்கள். ஒரு கண் சற்றே சாய்ந்து, ஓரத்தில் ஒரு காற்றுக்குமிழியும் இருந்தால், கடைக்காரர் கூடுதலாகச் சொன்னாலும் அதையே வாங்குங்கள். உலை முன் அமர்ந்தவருக்கு அதில் ஒரு பங்கு போகும். பையில் போடும்போது சாவிக்கொத்தோடு சேர்க்காமல் துணியில் சுற்றி வையுங்கள். கீறல் விழுந்தால் என்ன நேரும் என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே.