கலங்கலைப் பிரித்தவள்

எங்கள் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டைத் தாண்டிப் போகும் வெள்ளாறு, பரங்கிப்பேட்டையில் கடல் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் ஆறு கலங்கலாக ஓடும்போது கழிமுகத்தில் கடலும் பழுப்பாகிவிடும். அந்தப் பழுப்பைச் செயற்கைக்கோள் தப்பாகப் படிக்கும் என்று எனக்கு வெகுநாள் தெரியாது.

கடலின் நிறத்தை அளக்கவென்றே செய்த முதல் கருவி 1978இல் நிம்பஸ்-7 செயற்கைக்கோளில் போனது. கணக்கு எளிது. கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவையுயிரிகளின் பச்சையம் நீல ஒளியை விழுங்கும். நீலம் குறைந்து பச்சை கூடினால் அங்கே மிதவையுயிரிகள் அதிகம். மீனுக்கு இரையும் அதிகம். ஆழ்கடலில் இது நன்றாகவே வரும். கரையோரத்தில்தான் சிக்கல். ஆறு கொண்டுவரும் வண்டலும் நிறத்தை மாற்றும். மட்கிய இலைதழையின் மஞ்சள் சாயமும் நீலத்தையே விழுங்கும். டீத்தண்ணி நிறத்தில் வரும் நீரைக்கூடப் பச்சையம் என்று கணக்கெழுதிவிட வாய்ப்புண்டு.

பச்சையம், சாயம், வண்டல் ஆகிய ஒவ்வொன்றும் எந்த ஒளியை எவ்வளவு விழுங்குகிறது என்று பார்த்து, அதன்படி கடல்நீரை வகைப்படுத்திய கட்டுரை 1981இல் வந்தது. எழுதியவர்கள் லூயி பிரியர், சுபா சத்யேந்திரநாத். இரண்டாமவர் நம் நாட்டுப் பெண். பிற்பாடு இங்கிலாந்தின் பிளிமத் கடல் ஆய்வகத்திலிருந்து, ஐரோப்பிய விண்வெளி முகமையின் கடல் நிறத் திட்டத்துக்கு அறிவியல் தலைமை ஏற்றவர். 1999 மே 26இல் ஓஷன்சாட்-1ஐச் சுமந்து போன ராக்கெட் பி.எஸ்.எல்.வி-சி2 என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்தேன். சுபாவின் பெயரை யாரும் சொல்லித்தரவில்லை.

செயற்கைக்கோளின் கணக்கைச் சரிபார்க்க, அது கடக்கும் வேளையில் கடல்நீர் அள்ள வேண்டும். மேகம் மறைத்தால் அன்றைய பாடு வீண். அள்ளிய நீரை வடிகட்டி, வடிதாளை அசிட்டோனில் இருட்டில் ஊறவைத்துப் பச்சையத்தை அளப்பார்கள். நான் வேலை பார்த்த ஓர் ஆய்வுக்கூடத்தில் (பெயர் வேண்டாம்) படகு ஆண்களுக்கு, வடிகட்டல் பெண்களுக்கு. யாரும் விதியாக எழுதி வைக்கவில்லை. கேட்டால், படகில் கழிப்பிடம் இல்லையே என்பார்கள். அறிக்கையில் நீர் அள்ளியவர்களின் பெயர் இருக்கும். ஊறவைத்து அளந்தவர்களுக்குப் பெயர் கிடையாது.

ஒருநாள் அடம்பிடித்து ஏறினேன். குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி. அதையும் சொல்லிவிட வேண்டும். கழிமுகத்துக்கு வெளியே, கோடு கிழித்ததுபோல் பழுப்பு முடிந்து பச்சை தொடங்கியது. பாட்டிலை நானே முக்கி எடுத்தேன். ஒட்டவேண்டிய சீட்டில் மூன்று கட்டங்கள்: இடம், நேரம், எடுத்தவர். மூன்றையும் நிரப்பினேன்.