உலக்கை ஓய்ந்த பிறகு

எங்கள் ஆயா தன் ஆயுசில் ஒரே ஒரு முறைதான் எடை பார்த்துக்கொண்டார். விழுப்புரம் ரயில் நிலையத்தில், காசு போட்டதும் சக்கரம் சுற்றி, விளக்கு மின்னி, அட்டை விழுமே, அந்த மெஷினில். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அட்டையின் பின்பக்கத்தில் இருந்த ஜோசியத்தைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். முன்பக்கம் 61 கிலோ என்று அச்சாகியிருந்தது. அதை அவர் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

ஆயா ஐந்தடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இன்றைக்கு ஆஸ்பத்திரிச் சுவரில் மாட்டியிருக்கும் உயரம் எடை அட்டவணையில் வைத்துப் பார்த்தால் அவருடைய கணக்கு 27 வருகிறது. 23-க்கு மேல் போனாலே அதிக எடை, 25-க்கு மேல் உடல்பருமன் என்பது நம் நாட்டு அளவுகோல். ஆக, எங்கள் ஆயா பருமன் நோயாளி! உருண்ட புஜமும், அகன்ற இடுப்பும், நிமிர்ந்த முதுகுமாக, அறுபத்தைந்து வயதில் அரை மூட்டை நெல்லை இடுப்பில் வைத்துக்கொண்டு களத்திலிருந்து வீட்டுக்கு நடந்தவரை அந்த அட்டவணை அப்படித்தான் சொல்லும். தராசுக்குச் சதையும் கொழுப்பும் ஒன்றுதான்.

இது எனக்குப் புரிய நான் ஒரு தடவை விழ வேண்டியிருந்தது.

முப்பத்து மூன்று வருஷம் டிரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஓய்வுக்குப் பின் எடை 74 கிலோ ஆனது, சர்க்கரையும் எல்லையைத் தொட்டது. எட்டுப் பத்து கிலோ குறையுங்கள், பருப்பு, முட்டை, சுண்டல் விடாமல் சாப்பிடுங்கள், உடம்புக்குக் கொஞ்சம் பயிற்சியும் கொடுங்கள் என்றார் டாக்டர். அதில் முதல் பாதிதான் என் காதில் விழுந்தது. ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினேன். காலையில் இரண்டு இட்லி, மத்தியானம் ஒரு கரண்டி சோறு, சாயங்காலம் நடை. ஐந்து மாதத்தில் 63-க்கு வந்துவிட்டேன். “டீச்சர், இன்னா இப்டி எளைச்சிப் பூட்டீங்க” என்று சிலர் கேட்டதைக்கூடப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஆனால் தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. காஸ் சிலிண்டரை நகர்த்தப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டேன். ஒரு பிரதோஷத்தன்று குண்டாங்குழி மகாதேவர் கோயிலில் ஒரு படி ஏறும்போது முழங்கால் மடங்கி விழுந்தேன். எலும்பு தப்பியது, மணிக்கட்டு மட்டும் வீங்கியது. ராஜராஜன் காலத்துக் கற்றளி. ஆயிரம் வருஷமாக எத்தனையோ பேர் ஏறி இறங்கிய இடம். பிள்ளைகளுக்கு உயரம் தாண்டச் சொல்லிக்கொடுத்தவள் அங்கே ஒரு படிக்குத் தோற்றேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். சாப்பாட்டை மட்டும் குறைத்து எடையை இறக்கினால், இறங்குவதில் ஏறக்குறைய கால் பங்கு கொழுப்பு அல்ல, பெரும்பாலும் தசை. வயதானவர்களுக்கு அந்தத் தசை தானாகத் திரும்பி வராது. அப்படியானால் ஆயாவுக்கு அந்த உடம்பு எங்கிருந்து வந்தது? பரணில் கிடந்த அவருடைய உலக்கையை இறக்கித் தராசில் வைத்தேன். பூணோடு சேர்த்து மூன்றரை கிலோ.

நெல் குத்துவதை இன்றைய பிள்ளைகள் சினிமாவில் பார்த்திருந்தால் உண்டு. ஓர் உரலுக்கு இரண்டு பேர், மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். தலைக்கு மேல் தூக்க வேண்டும், இடுப்பை முறிக்காமல் முழங்காலை லேசாக மடக்கி இறக்க வேண்டும், கை மாற்றிக்கொள்ள வேண்டும். தோள், முதுகு, வயிறு, தொடை எல்லாம் ஒரே நேரத்தில் வேலை செய்யும். டிரில் டீச்சர் என்ற முறையில் சொல்கிறேன், இதைவிட முழுமையான பயிற்சியை நான் எந்தப் பாடத்திட்டத்திலும் பார்த்ததில்லை. மூச்சு தவறாமல் இருக்கத்தான் பாட்டு. சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு வருகிறது. மாணிக்கவாசகரின் திருப்பொற்சுண்ணமும் இடிக்கும் பெண்களின் பாட்டாகத்தான் அமைந்திருக்கிறது. அத்தனை காலமாக நம் பெண்களின் கையில் இருந்தது உலக்கை.

அதைக் கையிலிருந்து இறக்கியது ரைஸ் மில். அரவை மில்கள் பெருகப் பெருக, தீட்டிய வெள்ளை அரிசி ஊருக்குள் வந்தது. தவிட்டோடு பி1 வைட்டமின் போனதால் பெரிபெரி நோய் பரவியதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். 1934-ல் காந்தி வார்தாவில் அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கத்தைத் தொடங்கியபோது, அதை நடத்தியவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா. கைக்குத்தல் அரிசி அந்தச் சங்கத்தின் முக்கியமான வேலைகளில் ஒன்று. மில் அரிசி சத்தையும் கெடுக்கிறது, பெண்களின் கூலியையும் பறிக்கிறது என்பது அவர்கள் வாதம். இது வெறும் பேச்சாகவும் நிற்கவில்லை. 1958-ல் நாடாளுமன்றம் அரிசி ஆலைத் தொழில் ஒழுங்குமுறைச் சட்டம் என்று ஒன்றே கொண்டுவந்தது. புது மில் வைக்க அனுமதி வாங்க வேண்டும், கைக்குத்தல் தொழில் அழிந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். சட்டம் 1997 வரை இருந்தது. கைக்குத்தல் அதற்கு வெகு முன்பே போய்விட்டது.

போனதற்கு மில்லை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அம்மாவிடம் ஒரு முறை இதைப் பற்றிக் கேட்டேன். “மிஷினு வந்தப்போ சாமியே வந்தாப்ல இருந்துச்சி. நீ ஒரு நாளு குத்திப் பாத்துட்டு அப்பறம் பேசுடி” என்றார். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து குத்திவிட்டு நடவுக்குப் போனவர்கள். பிள்ளை பெற்ற பத்தாம் நாள் உலக்கையைத் தொட்டவர்கள். அடி இறங்கிப் போய், வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அப்படியே வாழ்ந்து முடித்தவர்களும் அவர்களில் உண்டு. ஆயாவின் புஜம் அவர் ஆசைப்பட்டு வளர்த்தது அல்ல. “அந்தக் காலத்துப் பொம்பளைங்க பலமே பலம்” என்று திண்ணையில் உட்கார்ந்து சொல்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள் என்பதையும் கவனித்திருக்கிறேன்.

அப்படியானால் கட்டாயமில்லாமல், தானே விரும்பி அப்படி ஓர் உடம்பைச் செய்துகொண்ட பெண்கள் இருந்தார்களா? இருந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒருவரைச் சொல்கிறேன். 1908-ல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் பிறந்து, சிறுமியாகப் பம்பாய்க்கு வந்த மேரி ஈவான்ஸ். ஆர்மி அண்டு நேவி கடையில் விற்பனைப் பெண்ணாக இருந்தவர், எடை கூடுகிறதே என்று மேடம் அஸ்ட்ரோவா என்ற ரஷ்யப் பெண்மணியிடம் பாலே நடனம் கற்கப் போனார். எடை குறைக்கப் போன இடத்தில் கரணம் போடவும் காலை இரு பக்கமும் விரித்து உட்காரவும் கற்றார். அந்தக் குழுவோடும், பிறகு ஸர்க்கோ சர்க்கஸோடும் ஊர் ஊராகப் போனார். 1935-ல் ‘ஹண்டர்வாலி’ வந்தது. மேரி ஈவான்ஸ் ‘பயமறியா நாடியா’ ஆனார். ஓடும் ரயிலின் கூரையில் சண்டை போட்டார், ஆம்பிளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். கொடியிடைக்காரி இல்லை அவர். நல்ல கனமான, வளைவும் திரட்சியும் உள்ள உடம்பு. அதைப் பார்க்கத்தான் கொட்டகைகள் நிரம்பின. தமிழிலும் அந்த அலை வந்தது. 1937-ல் ‘மின்னல்கொடி’, 1939-ல் ‘வீர ரமணி’ என்று கே. டி. ருக்மணி சண்டைக் கதாநாயகியாக நடித்தார். அதற்கப்புறம் நம் கதாநாயகிகள் சண்டை போடுவதை விட்டு மரத்தைச் சுற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அது வேறு கதை.

இன்னொரு உதாரணம் நம் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரத்தில் நடந்தது. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் 1943 டிசம்பரில் சிறு பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கியது. 1945-லிருந்து பிரணவ் குமார் பட்டாச்சார்யா அங்கே உடற்பயிற்சியை முறையாக வளர்த்தார். 1949 பிப்ரவரியில் உடற்கல்விக்கென்றே ஓர் இதழும் வந்தது, அரவிந்தரே அதில் எழுதினார். என் தொழிலில் இருந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம், அன்னை பெண்பிள்ளைகளுக்கென்று தனியாக லேசான பயிற்சி வைக்க மறுத்ததுதான். ஆண்பிள்ளைகளுக்கு எதுவோ பெண்பிள்ளைகளுக்கும் அதுவே. 1940-களின் பிற்பகுதியிலேயே பெண்கள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு மைதானத்தில் ஓடினார்கள், பாரில் தொங்கினார்கள். தாவணியில்லாமல் வாசலுக்கு வர முடியாத காலம் அது! பெண்ணுடம்புக்கு எது அழகு என்று கேட்டதற்கும் அவர் எழுத்திலேயே பதில் சொல்லியிருக்கிறார்: அங்கங்களின் பொருத்தம், வளையும் தன்மையோடு கூடிய பலம், எல்லாவற்றுக்கும் மேலாக நல்ல ஆரோக்கியம். மெலிவைப் பற்றி அதில் பேச்சே இல்லை. சொன்னவர் எண்பது வயதுவரை டென்னிஸ் ஆடியவர். ஆன்மிகத்தில் அவரோடு உடன்படாதவர்கள் என் நண்பர்களிலேயே நிறைய உண்டு. ஒரு டிரில் டீச்சராக நான் அவருக்குக் கும்பிடு போடுவேன்.

அந்த மைதானத்துக் காற்று வில்லியனூரைத் தாண்டி எங்கள் பக்கம் வரவில்லை. எங்களுக்கு உலக்கை போனது, ஏற்றம் போனது, பின்னால் நடவும் குறைந்தது. அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காரவில்லை. நாங்கள்தான் உட்கார்ந்தோம், டிவி முன்னால். ரேஷன் அரிசி, இலவச மிக்சி, கிரைண்டர் எல்லாம் வரட்டும், வேண்டாமென்று சொல்ல மாட்டேன். ஆனால் விலையும் கொடுத்திருக்கிறோம். ஐ.சி.எம்.ஆர். நாடு முழுக்க நடத்திய நீரிழிவு ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. பெரியவர்களில் கோவாவில் 26.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், அடுத்த இடத்தில் 26.3 சதவீதத்தோடு நம் புதுச்சேரி. நான்கில் ஒருவருக்கு மேல்! சாப்பாட்டிலிருந்து வரும் சர்க்கரையைப் பெருமளவு வாங்கி வைத்துக்கொள்வது தசைதான். அதையும் பட்டினி போட்டுக் கரைத்துவிட்டால் சர்க்கரை போக இடமில்லாமல் ரத்தத்திலேயே நிற்கும். நான் செய்தது அதைத்தான்.

இந்த வயதில் தசை திரும்புமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில், முதியோர் இல்லத்தில் இருந்த சராசரி 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் காலால் எடை தூக்கும் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! எனக்கு அறுபத்து நான்குதான்.

டாக்டரிடம் மறுபடி போய், நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். சிரித்துவிட்டு, முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். முழுதாகக் கேட்டுக்கொண்டேன். இப்போது காலையில் ஒரு முட்டை, சாயங்காலம் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலை, மத்தியானம் சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுவது பதினைந்து தடவை. செம்பு நிறையத் தண்ணீர், கைக்கு ஒன்று, பக்கவாட்டில் தூக்கி இறக்குவது. பிறகு வாரத்துக்கு மூன்று நாள் ஆயாவின் உலக்கை. உரலில் நெல் இல்லை, பழைய சாக்கு ஒன்றை மடித்துப் போட்டிருக்கிறேன். முதல் நாள் எட்டுக் குத்துக்கு மேல் முடியவில்லை. அம்மா சொன்னது காதில் கேட்டது. இப்போது கை மாற்றி அறுபது போடுகிறேன்.

எடை 63-லிருந்து 65 ஆகியிருக்கிறது. தைத்து வைத்த ரவிக்கை இடுப்புப் பக்கம் லூசாகவும், கைப்பக்கம் இறுக்கமாகவும் இருக்கிறது. டெய்லர் பெண் அளவு நாடாவைப் போட்டுப் பார்த்துவிட்டு, “எடை ஏறிச்சா எறங்கிச்சா டீச்சர்?” என்று குழம்பிப் போனாள்.

போன செவ்வாய்க்கிழமை சந்தைக்குப் போகும் வழியில் உலக்கைச் சத்தம் கேட்டு ஒரு பாட்டி வாசலில் நின்றார். மாட்டை ஓட்டிக்கொண்டு பேரன் முன்னால் போய்விட்டான். உள்ளே எட்டிப் பார்த்து, உரலில் சாக்கு இருப்பதைக் கண்டு, “இன்னாம்மே இது, சாக்கக் குத்திக்கினு கீற?” என்றார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றவர், முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, “முட்டிய மடக்கு. இடுப்பால தூக்காத” என்று உலக்கையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.