ஒப்பாரி வட்டத்துக்கு வெளியே நின்ற பிள்ளைகள்

சாத்தான்குளத்துக்கு அருகிலுள்ள நாசரேத்தில் 1878-இல் ஒரு தொழிற்பள்ளி தொடங்கப்பட்டது. தாது வருடப் பஞ்சத்தில் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளுக்காக மர்காஷிஸ் ஐயர் தொடங்கியது அது. கைத்தொழில் கற்றுப் பிள்ளைகள் பிழைத்துக்கொண்டார்கள். அது சிறிய காரியமல்ல. ஆனால் அந்தப் பிள்ளைகள் இரவில் யாரை நினைத்து அழுதார்கள் என்பது பள்ளியின் வரலாறாகச் சொல்லப்படுவதில்லை.

துக்கத்தைக் கூடி ஆற்றும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. சாவு வீட்டில் பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து ஒப்பாரி வைக்கிறார்கள். வந்தவள் தன் வீட்டில் என்றோ போனவரையும் சேர்த்தே அழுகிறாள். அந்த வட்டத்தில் பிள்ளைக்கு மட்டும் இடமில்லை. "பயந்துரும்" என்று பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். "அம்மா சாமிகிட்ட போயிருக்கா" என்று சொல்லி முடித்துக்கொள்கிறோம். பெண்பிள்ளையானால், பதினாறாம் நாள் காரியம் முடிவதற்குள் அடுப்பும் தம்பி தங்கைகளும் அவள் கைக்கு வந்துவிடுகின்றன.

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் கடலூர் மாவட்டத்தில் 391 பெண்களும் 146 ஆண்களும் இறந்ததாக ஆக்ஸ்பாம் அமைப்பின் 2005-ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். பெண்கள் மீனுக்காகக் கரையில் காத்திருந்தார்கள். ஆகவே, பிள்ளைகள் பலர் இழந்தது தாயை. நாகப்பட்டினத்தில் அரசு காப்பகம் திறந்தது. பெங்களூரு நிம்ஹான்ஸ், ஊர்க்காரர்களுக்கே மனநல ஆதரவுப் பயிற்சி அளித்தது. பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து வரையவும் விளையாடவும் கதை சொல்லவும் விடுவது அதில் ஒரு வழி.

கூட்டம் எதற்கு? அலையை வரைந்த பிள்ளை, பக்கத்துப் பிள்ளையின் தாளிலும் அலையைப் பார்க்கிறது. "நான் சொன்ன பேச்சு கேக்கல, அதான் அம்மா போயிட்டா" என்று ஒன்று சொல்லும்போது, அதே எண்ணத்தை ஒளித்துவைத்திருந்த இன்னொன்று தலைநிமிர்கிறது. பேசாத பிள்ளையை வற்புறுத்தாமல் உட்கார்ந்திருக்க விடுவதும் ஆறுதல்தான். ஒப்பாரி வட்டம் பெண்களுக்குச் செய்துவந்ததும் இதுவே.

கொரோனாவில் பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை போடப்படும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. பதினெட்டு வயதில் அது வட்டியோடு கைக்கு வரும். பணம் வேண்டும்தான். அதுவரையிலான ஆண்டுகளில் அந்தப் பிள்ளை யாரோடு உட்கார்ந்து அழும்? பேரழிவு வந்தால்தான் கூட்டம் என்றில்லாமல், தாயோ தகப்பனோ இல்லாத நான்கு பிள்ளைகள் படிக்கும் எந்தப் பள்ளியிலும் வாரம் ஒரு மணி நேரமும், பொறுமையாகக் கேட்கும் ஓர் ஆசிரியையும், அந்த வேலைக்கு அவருக்குரிய ஊதியமும் இருந்தால் இதைத் தொடங்கலாம்.