தொப்புளைச் சுத்தி 14 ஊசி: மாடியில் நாயும் கீரையும் வளர்ப்பவர்களுக்கு ஒரு குன்னூர் கதை

1/
தெருவில் கிடந்த ரெண்டு நாய்க்குட்டிகளைத் தூக்கிட்டு வந்து வளர்க்கிறீங்க. மொட்டை மாடியில் பத்துப் பதினைந்து குரோ பேக்கில் தக்காளி, கத்தரி, வெண்டை. ஒரு தொட்டி நிறைய அரைக்கீரை. காலையில் நீங்க தண்ணி ஊத்தப் போனா, ரெண்டும் பின்னாடியே வந்து மண்ணைக் கிளறும். தள்ளிவிடும்போது பல்லோ நகமோ கையில் பட்டு, லேசாக ரத்தம் எட்டிப் பார்க்கும்.

அடுத்து என்ன செய்வீர்கள்?

2/
நான் அதிகம் கேட்கும் பதில் இதுதான்: "நம்ம வீட்டு நாய்தானே டாக்டர், மஞ்சளை வெச்சு விட்டுட்டேன்."

இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால் உண்மைக் காரணம் வெளியே வரும். "தொப்புளைச் சுத்தி 14 ஊசி போடுவாங்களாமே?"

சிலர் 16 என்பார்கள். சிலர் கணக்கில் 21.

3/
நண்பர்களே, அந்தத் தொப்புள் ஊசி நம் நாட்டில் நின்று 20 வருடம் ஆகிவிட்டது. இன்று கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் யாரும் அதைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்களுக்கும் அந்தப் பயம் இருக்கிறது. பாட்டி சொல்லி அம்மாவுக்கு, அம்மா சொல்லி பிள்ளைக்கு.

ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்ற மருந்து கிடையாது. ஊசிக்குப் பயந்து மறைத்த ஒரு கீறல் உயிரையே எடுத்துவிடும். அதனால் அந்த 14 ஊசி எங்கிருந்து வந்தது, எப்படிப் போனது என்று இன்று பார்த்துவிடுவோம். நடுவில் உங்கள் கீரைத் தொட்டியும் வரும்!

4/
வருடம் 1885, ஜூலை 6. பாரிஸ் நகரம்.

அல்சேஸ் பகுதியிலிருந்து ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனைக் கூட்டி வருகிறார் அவனுடைய அம்மா. இரண்டு நாள் முன்பு வெறிநாய் பல இடங்களில் கடித்திருக்கிறது. போய் நின்றது லூயி பாஸ்டரிடம்.

பாஸ்டர் மருத்துவர் அல்ல, வேதியியலாளர். ஊசி போட அவருக்கு உரிமை இல்லை. அவர் பக்கத்தில் நிற்க, மருத்துவர் ஒருவர்தான் போட்டார்.

5/
ஊசியில் என்ன இருந்தது?

ரேபிஸ் வந்து இறந்த முயலின் முதுகுத் தண்டுவடம். அதைக் குடுவையில் தொங்கவிட்டு நாள் கணக்கில் உலர்த்துவார்கள். உலர உலரக் கிருமியின் வீரியம் குறையும். முதல் நாள் நன்றாக உலர்ந்ததைக் கரைத்துப் போட்டு, அடுத்தடுத்த நாட்களில் வீரியம் கூடியதைப் போட்டார்கள். சுமார் 10 நாட்களில் 13 ஊசிகள். எல்லாம் வயிற்றுப் பகுதித் தோலுக்கு அடியில்.

பையன் பிழைத்தான்.

கவனித்தீர்களா? வயிறும், பத்துக்கு மேற்பட்ட ஊசிகளும் அன்றே வந்துவிட்டன.

ரேபிஸ் வைரஸைக் கண்ணால் பார்க்கும் கருவி அப்போது கிடையாது. எதிரியின் முகம் தெரியாமலே செய்த சண்டை அது.

6/
இந்தியாவில் இருந்த வெள்ளைக்காரர்களை நாய் கடித்தால் கப்பல் ஏற்றி பாரிஸுக்கு அனுப்பினார்கள். நம்மூர் ஜனத்துக்கு அந்த வழியும் இல்லை. மந்திரிப்பதும் சூடு வைப்பதும்தான் வைத்தியம்.

1900-இல் சிம்லா பக்கம் கசௌலியில் இந்தியாவின் முதல் பாஸ்டர் நிறுவனம் தொடங்கியது. சரி, மதுரையில் கடிபட்டவர் கசௌலிக்கு எப்படிப் போவார்? நாள் கணக்கில் ரயில்!

7/
1902-இல் தென்னிந்தியாவில் லில்லி பேக்கன்ஹாம் வால்ஷ் என்ற ஆங்கிலேயப் பெண் ரேபிஸால் இறந்துபோனார். தெற்கே சிகிச்சை கிடைக்க வழி இல்லையே என்ற குரல் அதன்பின்தான் பலமாக எழுந்தது. அதற்கு முன் இறந்த எத்தனையோ நம்மவர்களின் பெயர்கள் எந்த ஏட்டிலும் இல்லை. இதையும் சேர்த்துத்தான் வரலாறு படிக்க வேண்டும்.

ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்தியாவுக்குக் கொடுத்த நன்கொடையிலிருந்து பணம் வந்தது. 1907-இல் நீலகிரியின் குன்னூரில் தென்னிந்தியாவின் பாஸ்டர் நிறுவனம் திறக்கப்பட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை மலை ரயில் 1899-இலேயே ஓட ஆரம்பித்திருந்ததால், கடிபட்டவர்கள் ரயிலிலேயே மேலே ஏறிப் போக முடிந்தது.

8/
இப்போது நம் கதாநாயகன். இல்லை, வில்லன்? நீங்களே சொல்லுங்கள்.

கசௌலி நிறுவனத்தின் முதல் இயக்குநர் டேவிட் செம்பிள். 1911-இல் அவர் ஒரு புது முறையை வெளியிட்டார். ரேபிஸ் தொற்றிய விலங்கின் மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்து, உள்ளே இருக்கும் வைரஸைக் கொன்று தடுப்பூசி ஆக்குவது. பிற்காலத்தில் இதற்கு ஆட்டு மூளையைப் பயன்படுத்தினார்கள்.

இதன் பெரிய பலம், பாட்டிலில் அடைத்து ஊருக்கு அனுப்பலாம். நோயாளி மலை ஏறத் தேவையில்லை, மருந்து மலை இறங்கி வந்துவிடும். கசௌலியும் குன்னூரும் அனுப்பிய அந்த பாட்டில்கள் அரசு ஆஸ்பத்திரிகளில் பல தலைமுறைகளைக் காப்பாற்றின. அதை மறுக்கவே முடியாது.

9/
அப்புறம் ஏன் அத்தனை ஊசி?

மூளைக் கரைசலில் உடலுக்கு எதிர்ப்பாற்றலைச் சொல்லித்தரும் சரக்கு கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் ஆட்டு மூளைக் கொழுப்பும் புரதமும். ஆகவே அளவை ஏற்றித்தான் ஆக வேண்டும். கடி ஆழமாக இருந்தால் ஒரு வேளைக்கு 5 மில்லி, சில சமயம் 10 மில்லிகூட. தினமும் ஒன்றாக 14 நாள்.

அவ்வளவு மருந்தைக் கையில் ஏற்ற இடம் ஏது? தோலுக்கு அடியில் தாராளமாக இடம் இருப்பது வயிற்றில்தான். நேற்றுப் போட்ட இடம் வீங்கியிருக்கும், இன்று கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். இப்படியே சுற்றி வந்தால்? அதுதான் "தொப்புளைச் சுத்தி".

தொப்புளுக்கும் ரேபிஸுக்கும் வேறு எந்தச் சம்பந்தமும் இல்லைங்க!

10/
வலியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பெரிய சிக்கல் இன்னொன்று.

ஆட்டு மூளையில் மையலின் என்ற நரம்பு உறை இருக்கிறது. அதை எதிர்க்கப் பழகிய நம் உடல், சிலருக்கு சொந்த நரம்பு மண்டலத்தையே தாக்கத் தொடங்கும். கைகால் செயலிழப்பு, சிலருக்கு மரணம்கூட. "ஊசி போட்டதால்தான் ஆள் படுத்துட்டார்" என்று அந்தக் காலத்தில் ஊரில் பேசியது முழுக் கட்டுக்கதை அல்ல.

பயத்துக்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. அந்தக் காரணம் இன்று இல்லை என்பதுதான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது.

11/
இப்போது கீரைத் தொட்டிக்கு வருவோம்.

1918-இல் அதே குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தின் ஒரே ஒரு அறையில் ராபர்ட் மெக்கரிசன் என்ற மருத்துவர் பெரிபெரி நோய் பற்றி ஆராயத் தொடங்கினார். தீட்டிய அரிசியையே நம்பி வாழ்பவர்களுக்கு பி1 வைட்டமின் குறைந்து வரும் நோய் அது.

பிறகு அவர் எலிகளைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்து, இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் சாப்பிடும் சாப்பாட்டை அப்படியே கொடுத்துப் பார்த்தார். முழுக் கோதுமை, பால், பருப்பு, காய்கறி சாப்பிட்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியே பிரதானமாக, பாலும் காயும் பெயருக்கு மட்டும் கிடைத்த எலிகள் நோஞ்சானாக நின்றன.

12/
அவருக்குப் பின் வந்த அய்க்ராய்ட் 1937-இல் இந்திய உணவுகளின் சத்துப் பட்டியலை நூலாக வெளியிட்டார். இன்று உங்கள் கைப்பேசியில் "முருங்கைக்கீரையில் எவ்வளவு கால்சியம், எவ்வளவு இரும்பு" என்று வரும் அட்டவணைகளுக்கெல்லாம் அது ஒரு முன்னோடி.

அந்த ஆய்வகம் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

நாய்க்கடிக்கு மருந்து செய்த வளாகத்திலேயே, அரிசிச் சோற்றுக்குப் பக்கத்தில் கீரையும் காயும் ஏன் வேண்டும் என்ற கேள்விக்கும் விடை தேடியிருக்கிறார்கள். உங்கள் மாடியில் நாயும் கீரையும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பார்த்தால் எனக்கு குன்னூர்தான் ஞாபகம் வரும்.

13/
சரி, 14 ஊசி எப்படிப் போனது?

மூளை இல்லாமல், ஆய்வகத்தில் வளர்த்த செல்களில் வைரஸைப் பெருக்கி அதைக் கொன்று தடுப்பூசி செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஈரானில் வெறிபிடித்த நாய்களும் ஓநாய்களும் கடித்த 45 பேருக்கு இந்தப் புது ஊசியைப் போட்டார்கள். 45 பேரும் பிழைத்தார்கள். 1976-இல் இந்த முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் நிமிர்ந்து உட்கார்ந்தது.

மூளைத் தடுப்பூசியை நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1980-களிலேயே சொல்லிவிட்டது. புது ஊசியின் விலை அதிகம் என்பதால் நம் நாட்டில் தாமதம் ஆனது. 2004 இறுதியோடு இங்கும் அதன் உற்பத்தி நின்றது. குன்னூர் நிறுவனமும் வீரோ செல் தடுப்பூசிக்கு மாறிவிட்டது.

14/
விலைச் சிக்கலுக்கு வழி காட்டியது தாய்லாந்து. தசையில் போடும் அளவைவிட மிகக் குறைவாகத் தோலுக்குள்ளேயே போட்டாலும் போதும் என்று பாங்காக்கில் நிரூபித்தார்கள். 2006 முதல் இந்தியாவிலும் அந்த முறைக்கு அனுமதி உண்டு.

இன்றைய கணக்கு:
தோலுக்குள் என்றால் 0, 3, 7, 28-ஆம் நாட்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கையிலும் 0.1 மில்லி.
தசையில் என்றால் 0, 3, 7, 14, 28-ஆம் நாட்கள்.
எல்லாம் புஜத்தில். சின்னக் குழந்தைக்குத் தசை ஊசி என்றால் தொடையில்.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இலவசம்.

15/
மனிதர்கள் பக்கம் இப்படி. நாய்கள் பக்கம்?

சென்னை மாநகராட்சி பல தலைமுறைகளாகத் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்கள் குறையவில்லை, ரேபிஸும் குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் பக்கத்துத் தெரு நாய் அங்கே குடிவந்துவிடும்.

1959-இல் விமானி கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் 1960-களிலேயே மாற்று யோசனை சொன்னது. கருத்தடை செய், தடுப்பூசி போடு, அதே தெருவில் விடு. மாநகராட்சி இதை ஏற்றது 1990-களின் நடுவில்தான். 2001-இல் அது நாடு முழுவதற்குமான விதி ஆனது.

ஒரு பகுதி நாய்களில் 70 சதவீதத்துக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டே இருந்தால் ரேபிஸ் சங்கிலி அறுந்துவிடும். நீங்கள் எடுத்து வளர்க்கும் நாய்க்கு ஊசி போட்டால் அந்த 70-க்கு நீங்களும் பங்களிக்கிறீர்கள்.

16/
இனி உங்கள் வீட்டுக்கு.

🔸 கடியோ கீறலோ, உடனே குழாய்த் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வேண்டாம்.

🔸 அன்றே மருத்துவரிடம் போங்கள். "குட்டிதானே, நம்ம நாய்தானே, அதுக்கு ஊசி போட்டாச்சே" என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள்.

🔸 ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினும் தேவைப்படும். அதைக் காயத்தைச் சுற்றிப் போடுவார்கள். வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.

🔸 நாயைப் பத்து நாள் கவனிப்பது சரி. ஆனால் ஊசியைத் தொடங்கிவிட்டுக் கவனியுங்கள்.

🔸 நாய்களை எடுத்து வளர்ப்பவர்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம். பின்னால் கடி பட்டால் பெரும்பாலும் இரண்டே ஊசியில் முடிந்துவிடும்.

🔸 நாய்க்கு மூன்று மாத வயதில் ரேபிஸ் ஊசி. அடுத்தடுத்த தவணைகளை கால்நடை மருத்துவர் சொல்வார்.

17/
தோட்டத்துக்கும் மூன்று வார்த்தை.

🔸 நாயின் மலத்தை உரமாக்காதீர்கள். கொக்கிப்புழு, உருண்டைப்புழு முட்டைகள் மண்ணில் தங்கும். நாய்க்குத் தவறாமல் குடற்புழு மருந்து, உங்களுக்கு மண் வேலையில் கையுறை, கீரைக்கு நாலு அலசு.

🔸 ஆமணக்குப் பிண்ணாக்கு நாய்க்கு விஷம். வாசனைக்கு நக்கித் தின்றுவிடும். நாய் நடமாடும் மாடியில் அது வேண்டாம்.

🔸 வெங்காயம், பூண்டுத் தொட்டிகளை எட்டாத உயரத்தில் வையுங்கள். அவையும் நாய்க்கு ஆகாது.

18/
ரேபிஸால் உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இறக்கிறார்கள் என்பது மதிப்பீடு. நாய் கடிபடுபவர்களில் பத்தில் நாலு பேர் 15 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள். திட்டு விழும், ஊசி போடுவார்கள் என்று பயந்து காயத்தை மறைப்பதும் அவர்கள்தான்.

அதனால் இன்று ராத்திரி சாப்பிடும்போது உங்கள் பிள்ளைகளிடம் ஒரு விஷயம் சொல்லிவிடுங்கள். "நாய் கடிச்சா, கீறினா உடனே எங்ககிட்ட சொல்லணும். திட்ட மாட்டோம். ஊசி கையிலதான், நாலஞ்சு தடவைதான்."

வீட்டில் பாட்டி இருந்தால் அவர் காதில் விழும்படி கொஞ்சம் சத்தமாகவே சொல்லுங்கள்.