போக்கரும் கடிகாரமும்

பென்னி பினியன் லாஸ் வேகாஸில் நடத்திய ஹார்ஸ்ஷூ சூதாட்ட விடுதியில் 1970-ல் போக்கர் உலகத் தொடர் தொடங்கியது. அந்த ஆண்டு இறுதிப் போட்டியே கிடையாது. கூடியிருந்த ஆட்டக்காரர்கள் வாக்களித்து ஜானி மாஸைத் தேர்ந்தெடுத்தார்கள். சில்லு தீர்ந்தவர் எழுந்துபோக, கடைசியில் மிஞ்சுபவர் வெல்லும் முறை 1971-ல் வந்தது. மறு ஆண்டு நுழைவுத் தொகை 10,000 டாலரானது.

இப்படிப்பட்ட ஆட்டத்தை முடிவுக்குக் கொண்டுவருவது பிளைண்ட். சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் முறைவைத்துக் கட்ட வேண்டிய கட்டாயப் பந்தயம் அது. குறித்த நேரத்துக்கு ஒருமுறை அது உயரும்; அந்த இடைவெளியே ஒரு கட்டம். உலகத் தொடரின் முதன்மைப் போட்டியான மெயின் ஈவென்ட்டில் ஒரு கட்டம் இரண்டு மணி நேரம். இணைய ஆட்டங்கள் பெருகியபோது ஐந்து நிமிடக் கட்டங்கள் கொண்ட டர்போக்கள் வந்தன. சூதாட்ட விடுதிகளும் ஒரே மாலையில் முடியும் போட்டிகளை நடத்தின.

வேகத்தின் விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் மணிக்கு சுமார் 30 ஆட்டம் நடக்கும். பிளைண்ட் ஒரு சுற்று வர 18 நிமிடம் ஆகும். ஒருவரிடம் 6,000 சில்லு, சிறிய பிளைண்ட் 200, பெரிய பிளைண்ட் 400 என்று கொள்வோம். ஒரு சுற்றுக்கு 600 போகும். கையிருப்பு பத்துச் சுற்றுக்குத் தாங்கும். மெதுவான போட்டியில் அவர் எதிலும் இறங்காமல் இரண்டு சுற்று காத்திருந்தால் 4,800 மிஞ்சும்; இன்னும் எட்டுச் சுற்று ஓடும். 20 நிமிடக் கட்டத்தில் ஒரு சுற்று முடிந்ததுமே பிளைண்ட் 300, 600; அடுத்து 400, 800. அதே இரண்டு சுற்றில் கையிருப்பு 4,500 ஆகிறது. அது நான்கு சுற்றுக்குக்கூடப் போதாது. ஒரு தவறும் செய்யாமலே ஆள் காலி!

சுற்றுகளை எண்ணும் இந்த அளவுக்குப் பால் மக்ரியேலின் பெயரால் ‘எம்’ என்று பெயர். 1995-ன் சாம்பியன் டான் ஹாரிங்டன் தம் நூல்களில் அதைப் பரப்பினார். மெதுவான போட்டியில் நல்ல சீட்டுக்குக் காத்திருக்கலாம், சின்ன ஜோடியோடு மலிவாக உள்ளே போய்ப் பார்க்கலாம், எதிராளியின் பழக்கத்தைப் படிக்கலாம். பிளாக்ஜாக் நிபுணர் ஆர்னால்ட் ஸ்னைடர் 2006-ல் இந்தக் காத்திருப்பு உத்திக்கு மறுப்பு எழுதினார்: வேகப் போட்டியில் சீட்டைவிட உட்காரும் இடம் முக்கியம், கடைசியாகப் பேசும் இடத்திலிருந்து, கையிருப்பு கனமாக இருக்கும்போதே அடிக்க வேண்டும். அவர் சொன்னது சரிதான். மூன்று பெரிய பிளைண்ட் மட்டும் வைத்திருப்பவர் முழுவதையும் வைத்து ஆல்-இன் சொன்னால் அதற்குப் பயந்து சீட்டை மடிப்பவர் அரிது. மிரட்டல் பலிக்கும் காலம் அதற்கு முன்பே முடிந்துவிடும்.

உலகத் தொடரிலேயே இப்போது 20 நிமிடக் கட்டம் கொண்ட சூப்பர் டர்போக்கள் நடக்கின்றன. மெயின் ஈவென்ட் இன்றும் இரண்டு மணி நேரக் கட்டத்தை விடவில்லை.