அகல் விளக்கு (மட்டக்களப்பு)

களிமண்ணில் வனைந்து சுட்ட, வாய் திறந்த சிறிய எண்ணெய் விளக்கு. இலங்கைத் தமிழர் இதைச் சிட்டி விளக்கு என்றும் அழைப்பர். சுமார் 56 கி.மீ. நீளமுள்ள மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் (கிழக்குக் கரை) படுவான்கரையிலும் (மேற்குக் கரை) இன்றும் இது ஏற்றப்படுகிறது. கிழக்கு மத்தியதரைக் கடற்கரையில் வெண்கலக் காலத்து மக்கள் எரித்ததும் விளிம்பைக் கிள்ளிய இத்தகைய கிண்ணத்தையே. பின்னாளில் கிரேக்கரும் உரோமரும் அதன் வாயை மூடி, திரிக்கு மூக்கு வைத்தனர். உரோமர் அச்சில் அழுத்திப் பெருந்தொகையாகச் செய்தனர். தமிழர் நிலத்துக் கிண்ணமோ திறந்தே இருந்தது. இதைத் தொழில் தேக்கம் என்பது பிழை. இந்த விளக்கின் வடிவையும் வாழ்வையும் தீர்மானித்தது மண்ணைவிட எண்ணெயே.

வாவிக்கரைச் சூழலுக்குரியவை தேங்காய், புன்னை, இலுப்பை, எள் எண்ணெய்கள். இவை 200 பாகை செல்சியஸைத் தாண்டிச் சூடேறினாலன்றித் தீப்பற்றா. ஆகவே கிண்ணத்து எண்ணெய் அமைதியாக இருக்க, திரி உறிஞ்சி மேலேற்றுவது மட்டும் எரியும், மூடி வேண்டியதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவிய மண்ணெண்ணெயின் இயல்பு வேறு. அது 40 பாகையை ஒட்டிய வெப்பத்திலேயே தீப்பிடிக்கும் ஆவியை விடும். திறந்த சிட்டியில் அதை ஊற்றுவது ஆபத்து என்பதால், அடைத்த குப்பி விளக்கும் கண்ணாடி போட்ட லாம்பும் வீட்டு வெளிச்சத்தை ஏற்றுக்கொண்டன. சிட்டி தன் பழைய எண்ணெயோடு பூசையிலும் கார்த்திகை விளக்கீட்டிலும் நிலைத்தது.

சமயப் பற்றே இதைக் காத்தது என்பாருண்டு. அதில் உண்மை உண்டு. ஆயினும் பூசைக்குப் பித்தளைக் குத்துவிளக்கே போதுமே! சங்க இலக்கியமான நெடுநல்வாடை இரும்பு விளக்கையும் யவனர் செய்த பாவை விளக்கையும் காட்டுகிறது. உலோக விளக்கு அன்றே வசதியுள்ளோரிடம் இருந்தது. கார்த்திகை விளக்கீட்டன்று படலை, வாசல், கிணற்றடி, மாட்டுத்தொழுவம் எங்கும் ஒளி வேண்டும். அத்தனை விளக்கை ஏழை வீடும் வைக்க இயன்றது மண்ணின் மலிவால்தான். அகழ்வுகளில் விளக்கென அறியப்பட்டவை குறைவே, எனவே பயன்பாடும் குறைவே என்ற வாதமும் நிற்காது. உடைந்த அகலும் சிறு கிண்ணமும் மூடியும் ஒன்றுபோலவே தோன்றும். விளிம்பில் ஓரிடத்தில் படிந்த கரியே வேறுபாட்டைச் சொல்லும். ஓட்டைத் தேய்த்துக் கழுவினால் அச்சான்றும் போய்விடும். கதிரவெளி போன்ற பெருங்கற்காலத் தலங்களில் இனிக் கிடைக்கும் ஓடுகளைக் கழுவுமுன் விளிம்புக் கரியைப் பதிவுசெய்ய வேண்டும். எளிய மக்களின் இரவு வாழ்க்கைக்கு அதைவிட நேரான சான்று அரிது.