ஏணிக்கு வெளியே ஒரு நாற்காலி: காலனியக் கல்வித்துறையில் சித்தூர் மண்ணின் இரு தலைவர்கள்

1896-இல் பிரிட்டிஷ் இந்தியாவின் கல்வித்துறை மூன்று படிகளாகப் பிரிக்கப்பட்டது. மேலே இந்தியக் கல்விப் பணி. பெயரில்தான் இந்தியா இருந்தது. ஆளெடுப்பு லண்டனில் நடந்தது, எடுக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். நடுவில் இந்தியர்களுக்கென ஒதுக்கிய மாகாணக் கல்விப் பணி. அதற்கும் கீழே சார்நிலைப் பணி. கல்லூரி முதல்வர் பதவியும் ஆய்வாளர் பதவியும் மேல்படிக்காரர்களின் சொத்தாகவே நடத்தப்பட்டன. இந்தப் பிரிவினை வருவதற்கு முன்பே, 1885-இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்த ஜகதீச சந்திர போஸுக்கு வெள்ளைக்காரப் பேராசிரியரைவிடக் குறைந்த சம்பளம் தரப்பட்டது. அவர் மூன்று ஆண்டுகள் சம்பளத்தைக் கையால் தொடவில்லை, ஒரு நாளும் வகுப்பை நிறுத்தவுமில்லை. அன்று வழக்கமாக இருந்த அநீதியைப் புதிய விதிகள் சட்டமாக்கின, அவ்வளவே.

இந்த ஏணியில் மேலே போக வழியில்லாத இந்தியக் கல்வியாளர்கள் யாரைப் பற்றிக்கொண்டு தலைமை இடங்களுக்கு வந்தார்கள்? சித்தூர், திருப்பதி வட்டாரத்திலிருந்து புறப்பட்ட இருவரின் பாதையை வைத்து இக்கட்டுரை அதைத் தேடுகிறது. ஒருவர் சித்தூரை ஒட்டிய கட்டமஞ்சியில் 1880-இல் பிறந்த கட்டமஞ்சி ராமலிங்க ரெட்டி. மற்றவர் 1888-இல் திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். இரண்டு ஊர்களும் அன்று வட ஆர்க்காட்டைச் சேர்ந்தவை. சித்தூர் தனி மாவட்டமானது 1911-இல்தான். திருத்தணி தமிழகத்துக்குத் திரும்பியது 1960-இல்.

ராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை படித்தது திருப்பதியில், ஹெர்மன்ஸ்பர்க் லுத்தரன் மிஷன் பள்ளியில். மலையப்பன் கோயிலின் அடிவாரத்தில் ஜெர்மானியப் பாதிரிமார் நடத்திய பள்ளி அது. பிறகு வேலூரில் அமெரிக்க ஆர்க்காடு மிஷனின் ஊரிஸ் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறித்தவக் கல்லூரி. ஊர் மாறினாலும் நிர்வாகத்தின் நிறம் மாறவில்லை. 1914-இல் போர் மூண்டதும் ஜெர்மானியப் போதகர்களின் பணி முடங்கியது. அவர்கள் விட்டுப்போன திருப்பதிப் பகுதி மிஷன் பிறகு அமெரிக்காவின் ஒஹையோ லுத்தரன் சபையின் பொறுப்புக்குப் போனது. ஒரு வெள்ளையர் எழுந்த நாற்காலியில் இன்னொரு வெள்ளையர் அமர்ந்தார். ஆனால் அதே திருப்பதியில், ஹாத்திராம்ஜி மடத்து மகந்துகள் கோயிலை நிர்வகித்த காலத்தில், 1884-இல் கீழ்த்திசைக் கல்விக்கென ஒரு நிறுவனமும் தொடங்கப்பட்டிருந்தது. சர்க்காரையும் மிஷனையும் நம்பாத கல்விக்கும் இந்த ஊரில் இடம் இருந்தது என்பதற்காகவே இதைக் குறிப்பிடுகிறேன்.

ரெட்டியின் பாதை வேறு. கிறித்தவக் கல்லூரியில் படிக்கும்போதே 'முசலம்ம மரணமு' என்ற தெலுங்குக் காவியத்தை எழுதியவர். அரசு உதவித்தொகை பெற்று கேம்பிரிட்ஜின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரிக்குப் போனார். கேம்பிரிட்ஜ் யூனியனின் துணைத்தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். இத்தனை தகுதியோடு திரும்பியவர் பிரிட்டிஷ் மாகாணக் கல்லூரி எதிலும் சேரவில்லை, பரோடா சமஸ்தானத்தின் கல்லூரிக்குப் போனார். அங்கே முதல்வர் கிளார்க் ஆங்கிலேயர். துணைமுதல்வர் இடத்தில் முன்பு இருந்தவர் அரவிந்த கோஷ். அவர் விட்ட இடத்துக்குத்தான் ரெட்டி வந்தார். முதல்வர் வெள்ளையராகவே இருந்தாலும், அடுத்த நாற்காலி ஓர் இந்தியரிடமிருந்து இன்னோர் இந்தியருக்குப் போனது. பிரிட்டிஷ் மாகாணங்களில் அரிதாக நடந்தது சமஸ்தானத்தில் இயல்பாக நடந்தது. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கழித்து, 1948 டிசம்பரில், ஆந்திரப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பரிசை வழங்க ரெட்டியே புதுச்சேரி சென்று அரவிந்தரைச் சந்தித்தார்.

பரோடாவிலிருந்து மைசூர். அங்கே ரெட்டி பேராசிரியராகி, மகாராஜா கல்லூரியின் முதல்வராகி, சமஸ்தானக் கல்வித்துறையின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாகவும் உயர்ந்தார். திவான் விசுவேசுவரய்யாவின் காலத்தில், 1916-இல், மைசூர்ப் பல்கலைக்கழகம் பிறந்தது. இதே ஆண்டுகளில் ராதாகிருஷ்ணன் சென்னை மாகாண ஏணியின் கீழ்ப்படிகளில் இருந்தார். 1909-இல் சென்னை மாநிலக் கல்லூரியில் வேலை, சைதாப்பேட்டையில் ஆசிரியப் பயிற்சி, பிறகு அனந்தபூர், ராஜமுந்திரி என மாற்றல்கள். 1918-இல் மைசூர் மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியரானார். அப்போது மைசூர்க் கல்வி நிர்வாகத்தின் மேல்மட்டத்தில் இருந்தவர் ரெட்டி. சக ஆசிரியர்களில் ஹிரியண்ணாவும் ஏ.ஆர். வாடியாவும் இருந்தார்கள், ரோலோ போன்ற ஆங்கிலேயரும் உண்டு. ஆங்கிலேயர் அங்கே பாடம் நடத்தினார்கள். இந்தியனின் தலைக்கு மேல் கூரையாக உட்காரவில்லை.

இவர்களுக்குக் கிடைத்த துணையை நட்பு என்ற அளவில் மட்டும் பார்த்தால் பாதிதான் விளங்கும். ரெட்டியும் ராதாகிருஷ்ணனும் ஒருவருக்கொருவர் எவ்வளவு நெருக்கம் என்பதைவிட, இருவரும் நிற்கக்கூடிய இடத்தை யார் உண்டாக்கினார்கள் என்பதே பெரிய கேள்வி. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் அந்த வேலையைச் செய்தவர் அதன் துணைவேந்தராக இருந்த ஆசுதோஷ் முகர்ஜி. தாரகநாத் பாலித் கொடுத்த பெருங்கொடையில் ஒரு நிபந்தனை இருந்தது: அவர் பெயரிலான பேராசிரியர் பதவிகளில் இந்தியரையே அமர்த்த வேண்டும். 1917-இல் அந்த இடத்துக்கு சி.வி. ராமன் வந்தார். 1921-இல் ஐந்தாம் ஜார்ஜ் பெயரிலான தத்துவப் பேராசிரியர் பதவிக்கு ராதாகிருஷ்ணனை ஆசுதோஷ் அழைத்தார். லண்டன் ஆளெடுப்பைத் திட்டித் தீர்ப்பதைவிட, அது தொடமுடியாத நாற்காலிகளைச் செய்வது என்ற வழி அது. என் கணிப்பில் அக்காலத்து இந்தியக் கல்வியாளர்கள் கண்ட மிகக் கூர்மையான உத்தி இதுவே.

அதே உத்தி 1926-இல் ஆந்திரப் பல்கலைக்கழகமாக நம் பக்கம் வந்தது. முதல் துணைவேந்தர் ரெட்டி. 1930-இல், உப்புச் சத்தியாகிரகத்தின்போது அரசு நடத்திய அடக்குமுறையைக் கண்டித்து அவர் பதவியைத் துறந்தார். அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு ராதாகிருஷ்ணன் வந்தார். பல்கலைக்கழகம் இருந்த வால்டேரில் அவர் செய்த முக்கியக் காரியம் ஆள் சேர்த்தது: ராமனின் மாணவர் பகவந்தம், வேதியியலுக்கு சேஷாத்ரி, வங்காளத்திலிருந்து ஹுமாயூன் கபீர், ஹிரேன் முகர்ஜி என இளைஞர்களாகத் தேடிப் பிடித்தார். சர்க்கார் கல்லூரியில் சேர்ந்திருந்தால் ஆண்டுக்கணக்காகக் கீழ்ப்படியில் காத்திருக்க வேண்டியவர்கள் இவர்கள். 1936-இல் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டின் ஸ்பால்டிங் பேராசிரியராகப் போக, ரெட்டி துணைவேந்தராகத் திரும்பி வந்து 1949 வரை இருந்தார். சித்தூர் மண்ணின் இருவர் மாறி மாறி வகித்த அந்தப் பதவி, ஆட்சி வெள்ளையரிடம் இருந்த காலம் முழுவதும் வெள்ளையர் கைக்குப் போகவே இல்லை. இந்தப் பல்கலைக்கழகம் பிறப்பதற்கு முன்பே, 1924-இல், அரசுப் பணிகளை ஆராய்ந்த லீ குழுவின் பரிந்துரையை ஒட்டி, இந்தியக் கல்விப் பணிக்கு ஆளெடுப்பதும் நின்றது.

பிற நாடுகளோடு ஒப்பிட்டால் இந்த உத்தியின் பலமும் பலவீனமும் தெரியும். லண்டன் இஸ்லிங்டனில் 1969-இல் தலைமையாசிரியையாக அமர்ந்தார் ஜமைக்காவில் பிறந்த இவோன் கொனோலி. பிரிட்டனின் முதல் கறுப்பினத் தலைமையாசிரியை அவர். பள்ளியைக் கொளுத்திவிடுவோம் என்று மிரட்டல் வந்தது. அவருக்கு ஒதுங்கிப்போக ஒரு மைசூர் இல்லை. ஆகவே கரீபிய ஆசிரியர்களைத் திரட்டிச் சங்கமாக்கினார். அமெரிக்காவில், பள்ளிகளில் இனப் பிரிவினையைச் செல்லாதென்ற 1954-இன் பிரவுன் தீர்ப்புக்குப் பிறகு நடந்தது இன்னும் கொடுமை. கறுப்பினப் பள்ளிகள் மூடப்பட்டன. பிள்ளைகள் வெள்ளையர் பள்ளிக்குப் போனார்கள், தலைமையாசிரியர்கள் வீட்டுக்குப் போனார்கள். தென் மாநிலங்களிலும் எல்லை மாநிலங்களிலும் 1965-க்குள் சுமார் 38,000 கறுப்பின ஆசிரியர்களும் நிர்வாகிகளும் வேலை இழந்ததாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். 1970-இல் கறுப்பினக் கல்வியாளர்களின் தேசியக் கூட்டமைப்பு உருவானது இந்தக் காயத்தின் பின்னணியில்தான்.

அந்தச் சங்கங்கள் பெயர் தெரியாத ஒரு சிற்றூர்த் தலைமையாசிரியருக்கும் கதவைத் திறந்தன. நம்மவர் உண்டாக்கிய நாற்காலிகள் உச்சியில் இருந்தன. எண்ணிக்கையில் மிகக் குறைவு. கேம்பிரிட்ஜ் பட்டமோ நூலாசிரியர் புகழோ இல்லாமல், ஒரு தாலுகாப் பள்ளியில் வெள்ளை ஆய்வாளரின் குறிப்பேட்டுக்குப் பயந்து வேலை பார்த்த தலைமையாசிரியருக்கு மைசூரும் எட்டவில்லை, வால்டேரும் எட்டவில்லை. மேலே வந்த இருவருமே நிலமோ படிப்போ உள்ள சாதிகளில் பிறந்தவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வெள்ளையர் மூடிய கதவுக்கு முன்னால் நின்ற இதே சமூகம், தன் பள்ளிக் கதவைப் பஞ்சமர் பிள்ளைகளுக்கு மூடி வைத்திருந்தது. மைசூரில் கல்வி அதிகாரியாக இருந்தபோது ரெட்டி அந்தப் பிள்ளைகளைப் பொதுப் பள்ளிகளில் சேர்க்கும் கொள்கைக்காக நின்றார். மேல்சாதியினரின் எதிர்ப்பையும் தாங்கினார். அவர் வகித்த எல்லாப் பதவிகளையும்விட இதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பிரவுன் தீர்ப்பு வந்த அதே 1954-இல் திருப்பதியில் ஸ்ரீவெங்கடேசுவரா பல்கலைக்கழகம் தொடங்கியது. கோவிந்தராஜுலு நாயுடு முதல் துணைவேந்தரானார். ஓர் இந்தியர் அந்த இடத்துக்கு வருவது அப்போது யாருக்கும் செய்தியாக இல்லை. பஞ்சமர் வீட்டுப் பிள்ளை ஒருவர் படித்து வந்து அதே மாவட்டத்தின் உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியராக அமர்வது அன்றும் பெரிய செய்திதான்.